ஜூலு இன்னும் இறங்கவில்லை

இதை நம்பமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சுங்கை லாலாங் பக்கம் போய், ரப்பர் மரங்களை அழித்துப் போட்ட அந்தச் சின்ன ஓடுபாதை எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள். பக்கத்தில் மூன்று மாடி உயரத்தில், தலையில் கண்ணாடி அறையைச் சுமந்துகொண்டு ஒரு கோபுரம் நிற்கும். அங்கே வேலை செய்கிறவர்களிடம், "ஷாமளா ஏன் இப்போது மேலே ஏறுவதில்லை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது நடந்தது பட்டப்பகலில். மதியம் சாப்பிட்ட சோறு செரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷாமளாவுக்கு அந்தக் கோபுரத்தில் ஐந்து வருட வேலை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியின் ஓடுபாதை அது. பெரிய விமான நிலையங்களில் இருப்பதுபோல ரேடார் கிடையாது. யார் எங்கே, எத்தனை அடி உயரத்தில் பறக்கிறார்கள் என்று வானொலியில் கேட்டுக் கேட்டு, வானத்தை அவள் மண்டைக்குள் வரைந்துகொள்ள வேண்டும். இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அவள் வேலை மொத்தமும் அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' தவறினால் மிச்சம் பொறுக்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

அவள் கணவன் சிவநேசன் அதே பள்ளியில் பயிற்சி ஆசிரியர். காலையில் சட்டினியில் உப்பு அதிகம் என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போன மனுஷன், மேலே போய்விட்டால் அவளுக்குப் புருஷன் இல்லை. டாங்கோ. அந்த விமானத்தின் கடைசி எழுத்து 'டி' என்பதால் வானொலியில் அந்தப் பெயர். சுங்கைப் பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அய்யூப்பின் மகன் ஷாஹிர் ஓட்டுவது 'பி' என்று முடியும் விமானம். வானொலிப் பெயர் பாப்பா. மீசை முளைத்த ஆளை எல்லோரும் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டு அவன் உயிரை எடுப்பார்கள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றில் ஒரு விமானம் இருந்தாலும் கோபுரத்து நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அடுத்த ஆள் வந்ததும், உட்கார்ந்திருப்பவரின் வலது தோளுக்குப் பின்னால் வந்து பேசாமல் நிற்பார். உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். வானத்தைப் பார்த்தபடியே, யார் யார் எங்கே என்று ஒப்பிப்பார். எல்லாம் புரிந்ததும் பின்னால் நிற்பவர், "ஐ ஹேவ்" என்பார். இனி என் பொறுப்பு என்று அர்த்தம். "யூ ஹேவ்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தை சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வயிற்றைக் கலக்கினாலும் சரி.

அன்று காலை வானம் துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது. மதியத்துக்கு மேல், வடக்கே யான் என்ற ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்திவிட்டார்கள். கடலுக்கு அக்கரையில் காடு எரிந்து வந்த ஜெரெபுப் புகைமூட்டமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஜெராய் மலை முதலில் இடுப்புவரை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மலையையே காணோம்.

மேலே இரண்டு விமானங்கள். யானிலிருந்து தெற்கே திரும்பி வந்துகொண்டிருந்தது டாங்கோ. அதில் சிவநேசனும் ஷீலா என்ற மாணவியும். உயரம் இரண்டாயிரம் அடி. இங்கிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது பாப்பா. அதில் ஷாஹிர் மட்டும், தனியாகப் பறப்பது அவனுக்கு இரண்டாவது தடவை. உயரம் ஆயிரத்து ஐந்நூறு.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒடுக்கமான வழி. அந்தப் புகையில் ஷாஹிரைத் திரும்பச் சொன்னால் மலையில் கொண்டுபோய் விடுவான் என்று அவளுக்குப் பயம். இருவரும் மேலும் கீழுமாகக் கடந்து போகட்டும், அவன் வயல்வெளிக்குப் போனதும் திருப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். நடுவில் ஐந்நூறு அடி இடைவெளி இருக்கிறது. நல்ல முடிவுதான். யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள்.

அவளை மாற்ற வேண்டிய மனோகரன் மூன்று மணிக்கு வருவார். மணி மூன்று.

டங்... டங்... டங்...

இரும்புப் படியில் காலடிச் சத்தம். 'அப்பாடா, அண்ணன் வந்துட்டாரு' என்று நினைத்தாள். திரும்பவில்லை. வழக்கம்தான் சொன்னேனே.

அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று அழும். அன்று அழவில்லை. மனோகரனுக்குத் தொந்தி. மூன்று மாடி ஏறினால் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கி, "லிஃப்ட் வெக்கமாட்டானுங்க லா" என்று திட்டுவார். அன்று மூச்சுச் சத்தமும் இல்லை, திட்டும் இல்லை. கையில் எப்போதும் கொண்டுவரும் வாழைப்பழ பஜ்ஜியின் வாசனையும் இல்லை. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அவள் கண்ணும் காதும் புகைக்குள் இருந்தன.

வலது தோளுக்குப் பின்னால் ஆள் வந்து நின்றது. அது தெரிந்தது.

ஒப்பித்தாள்.

"ரெண்டு பேரு அண்ணே. டாங்கோ ரெண்டாயிரத்துல தெற்க வருது. பாப்பா ஆயிரத்தைந்நூறுல வடக்க போகுது. ஒண்ணையொண்ணு தாண்டணும். அதுவரைக்கும் உயரத்த மாத்தாதீங்க."

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐ ஹேவ்."

கரகரத்த குரல். புகையில் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தாள். ஐந்து வருடப் பழக்கம் யாரை விட்டது?

"யூ ஹேவ்" என்றாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து, முதுகை நெளித்துவிட்டுத் திரும்பினாள்.

யாரும் இல்லை.

"அண்ணே?"

ஸ்ஸ்ஸ்...

அவள் எழுந்த நாற்காலி மெல்லக் கீழே இறங்கியது. கனமான ஆள் உட்கார்ந்தால் இறங்குமே, அப்படி.

ஷாமளா கதவுக்குப் பாய்ந்தாள். பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். சுவரை இடித்ததுபோல இருந்தது.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். அப்போதுதான் ஒரு சிவப்புக் கார் வாசலில் நுழைந்தது. கதவைத் திறந்துகொண்டு, தொந்தி முதலில் வர, கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு மனோகரன் இறங்கினார்.

அப்படியென்றால் இங்கே...

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. வானொலிப் பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். அந்தக் கரகரத்த குரல்...

"டாங்கோ, ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கு. இரண்டாயிரத்தில் ஜூலு இருக்கிறது."

ஜூலுவா? அந்தப் பள்ளியில் 'இசட்' என்று முடியும் விமானமே கிடையாது.

"ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்குகிறேன். டாங்கோ."

சிவநேசனின் குரல். அமைதியாக, ஒரு சந்தேகமும் இல்லாமல். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்துவிட்டான். ஷாஹிர் இருக்கும் உயரத்துக்கே. ஷாஹிருக்கு நேர் எதிரே. புகைக்குள்.

"ஐயோ, இறங்காதே!" என்று அலறினாள். கண்ணாடி அறைக்குள்ளேயே சுற்றியது அந்த அலறல். மைக் எங்கே? மேசையைப் பார்த்தாள்.

ஹெட்செட் மேசையில் இல்லை.

நாற்காலிக்கு மேலே, ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில், அது நின்றுகொண்டிருந்தது.

மேசைத் தொலைபேசியை எடுத்தாள். உயிரில்லை. கைப்பேசியைக் கோபுரத்துக்குக் கொண்டுவரக் கூடாது, கீழே பெட்டியில் பூட்டிக் கிடந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். தடித்த கண்ணாடி. கீழே மனோகரன் நிதானமாகக் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஒலிபெருக்கி. இந்த முறை வேறு குரல். இளவட்டக் குரல். மரியாதையான குரல்.

"ஜூலு. இரண்டாயிரம் அடி. யானுக்கு மேலே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எப்போது இறங்கலாம்?"

"பொறு, ஜூலு."

"பொறுக்கிறேன்."

பிறகு ஷாஹிர். "பாப்பா, ஆயிரத்து ஐந்நூறு..." அவன் குரல் உடைந்தது. ஆங்கிலம் ஓடிப்போய்விட்டது. "அக்கா, ஒண்ணுமே தெரியல அக்கா. மூக்குக்கு முன்னால தெரியல."

நாற்காலி பதில் சொல்லவில்லை. பாப்பாவும் டாங்கோவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஜூலுவின் உயரத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அதன் கவலை அது ஒன்றுதான்.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்குமா? அதுகூட இருக்காது. ஷாமளாவின் மண்டைக்குள் இருந்த வானத்தில் இரண்டு புள்ளிகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. ஒன்றில் ஷாஹிர். ஒன்றில் ஷீலாவும், சட்டினியில் உப்பு அதிகம் என்று சொன்ன வாயும்.

நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். தரையோடு ஊன்றி நின்றது. ஹெட்செட்டைப் பறிக்கக் கையை நீட்டினாள். விரல் ஐஸ் பெட்டிக்குள் போனதுபோல மரத்தது. பின்வாங்கினாள்.

அழுதாள்.

அழுதுகொண்டே யோசித்தாள்.

அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. 'யூ ஹேவ்' என்று அவளே வாயால் கொடுத்தாள். கொடுத்ததை வாங்க ஒரே ஒரு வழிதான் உண்டு.

நாற்காலிக்குப் பின்னால் போனாள். வலது தோள் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் நின்றாள்.

"சார்... சொல்லுங்க சார். நான் எடுத்துக்கிறேன்."

ஹெட்செட் அசையவில்லை. வானத்தைப் பார்த்தபடியே அது ஒப்பித்தது.

"மூன்று. டாங்கோ, ஆயிரத்து ஐந்நூறு, தெற்கே. பாப்பா, ஆயிரத்து ஐந்நூறு, வடக்கே. ஜூலு, இரண்டாயிரம், யானுக்கு மேலே. பொறு என்றேன். பொறுத்துக்கொண்டிருக்கிறான்."

"டாங்கோவும் பாப்பாவும் போதும் சார். அது ரெண்டும்தான் என்னோடது."

பதில் இல்லை.

"சார்!"

பாதியை வாங்கிக்கொண்டு மீதியை விடும் வழக்கம் அந்த வேலையில் கிடையாது. வானத்தில் இருப்பது எல்லாம் ஒருவர் தலையில். இது அவளுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"அக்கா..." ஷாஹிர்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐ ஹேவ். மூணும்."

"யூ ஹேவ்."

நீளமான மூச்சு ஒன்று வெளியேறியது. நாற்காலி மேலே எழும்பியது. ஹெட்செட் விழுந்தது. விழுவதற்குள் பிடித்தாள். எதிரே சுவர்க் கடிகாரம், மூன்று மணி ஏழு நிமிடம்.

"டாங்கோ, வலது பக்கம், கடல் பக்கம் திரும்பு! இப்பவே! பாப்பா, ஆயிரத்துக்கு இறங்கு! இறங்கு! இறங்கு!"

கர்ர்ர்...

வெறும் இரைச்சல்.

கர்ர்ர்...

"டாங்கோ." மூச்சு வாங்கியது. "திரும்பிட்டேன். என்னமோ... என்னமோ ஒரு நிழல் கீழ போச்சு."

"பாப்பா... ஆயிரம்." அழுகிறான். "டயர் தெரிஞ்சுச்சு அக்கா. என் தலைக்கு மேல டயர் தெரிஞ்சுச்சு."

ஷாமளா மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மாரியாத்தா, மாரியாத்தா என்று முனகினாள். அப்போது...

"ஜூலு. இறங்கலாமா?"

தலையை நிமிர்த்தினாள். எதிரே ஓடுபாதை காலியாகக் கிடந்தது. 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடும். எது வரும்? வந்து நின்று, கதவைத் திறந்துகொண்டு, யார் இறங்குவார்கள்? எந்த முகத்தோடு?

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"பொறு, ஜூலு" என்றாள்.

"பொறுக்கிறேன்."

கிறீச்ச்...

மனோகரன் நின்றிருந்தார், புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னா பிள்ள, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?"

"கதவு தொறக்கல அண்ணே. எவ்வளவு இடிச்சேன் தெரியுமா?"

"இதுவா?" ஒரு விரலால் கதவைத் தள்ளிக் காட்டினார். அது ஆடியது. "பூட்டு கெட்டுப்போயி எத்தன மாசமாச்சு. காத்தடிச்சாலே தொறக்குது லா."

இரண்டு விமானமும் ஓடுபாதையில் வந்து நிற்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சிவநேசன் சட்டை நனைந்து, படியேறி ஓடிவந்தான். அவளைக் கட்டிப்பிடிக்கவா, திட்டவா என்று தெரியாமல் நின்றான்.

"எதுக்குடி என்னை இறங்கச் சொன்ன?"

"நான் சொல்லல. அந்த ஆளு சொன்னாரு. ஜூலு மேல இருக்குன்னு..."

"எந்த ஆளு? உன் குரல்தான் கேட்டேன். ஆயிரத்தைந்நூறுக்கு இறங்குன்னு உன் குரல்ல, தெளிவா." அவன் பின்னாலேயே ஏறிவந்த ஷீலாவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் தலையாட்டினாள். "ஜூலுன்னு யாரும் பேசலயே?"

மறுநாள் காலையில் மனோகரன் போன் செய்தார். அந்தக் கோபுரத்தில் முதன்முதலில் வேலை பார்த்த பரஞ்சோதி தவறிவிட்டாராம், பீடோங்கில் வீடு, மரியாதைக்கு ஒரு எட்டுப் போய்வரலாம் என்றார். ஷாமளா அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. வீட்டில் தனியாக இருக்கப் பயந்துதான் கிளம்பினாள்.

காரில் போகும்போது கேட்டாள். "அண்ணே, ஜூலுன்னு நம்மகிட்ட ஒரு பிளேன் இருந்துச்சா?"

மனோகரன் காரை ஓரம் கட்டிவிட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

அவள் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். இதே போலப் புகை நாள். இரண்டு விமானம் எதிரெதிரே. கோபுரத்தில் பரஞ்சோதி. ஒன்றை யானுக்கு மேலே இரண்டாயிரம் அடியில் சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னார், மற்றது பத்திரமாகக் கடந்து வந்து இறங்கியது. பிறகு ஜூலுவைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மலையையும் கடலையும் வாரக்கணக்கில் சலித்தார்கள். ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை.

"அவர் மேல தப்பே இல்ல பிள்ள. மோதாம இருக்க வேற வழி கிடையாது. ஆனா மனுஷன் அன்னிக்கி நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. நாலு பேரு தூக்கித்தான் கீழ கொண்டாந்தோம். அதுக்கப்புறம் அவர யாரும் மேல ஏறவிடல."

சாவு வீட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடத்தில் பரஞ்சோதி மாலையோடு படுத்திருந்தார். அவர் மனைவி செல்லாயி கண்ணீர் வற்றிப்போய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபுரத்தில் வேலை செய்கிற பெண் என்று மனோகரன் சொன்னதும், ஷாமளாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பத்து மாசம்மா. பேச்சு இல்ல, பார்வை இல்ல. இன்னிக்கி போயிடும், நாளைக்கி போயிடும்னாங்க. பால் ஊத்தினோம். பொறந்த தோட்டத்து மண்ணக் கரைச்சு ஊத்தினோம். உயிர் போகல. இழுத்துக்கிட்டே கெடந்துச்சு."

ஷாமளா மாலைக்கு மேலே தெரிந்த பரஞ்சோதியின் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு, படக்குன்னு கண்ணத் தொறந்தாரு. 'ஐ ஹேவ்'னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. அப்புறம் என்னென்னமோ இங்லீஷ்ல பேசினாரு. யாரோ பதில் சொல்றாப்ல நடுவுல நிறுத்தி நிறுத்திக் கேட்டாரு. கடைசியா 'யூ ஹேவ்'னு சொல்லிட்டு, பெருமூச்சு ஒண்ணு விட்டாரு. அவ்வளவுதான். மூணு ஏழுன்னு நர்ஸ் பிள்ள மணி பாத்துச்சு."

செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேச்சு இருந்த வரைக்கும் ஒரே பொலம்பல்தான். மேல ஒருத்தன் இருக்கான், அவன யார்கிட்டயாச்சும் ஒப்படைக்காம நான் சாக முடியாது செல்லாயின்னு. யாரோ ஒரு புண்ணியவதி, புண்ணியவான், நேத்து வாங்கிக்கிட்டாங்க போல."

ஷாமளாவின் இரண்டு கையையும் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அது யாரா இருந்தாலும், அவங்களுக்குச் சாவே வரக்கூடாதும்மா."